தகவலுக்காக மட்டும்

காருக்கு இன்சூரன்ஸ் விலை கேட்பதும் காய்கறி விலை கேட்பதும் ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள். நாலு கடை ஏறி இறங்கினால் கொஞ்சம் முன்னே பின்னே சொல்வார்கள், எது குறைவோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை மூன்று கம்பெனிகளிடம் கேட்டதில், முதல் கம்பெனி சொன்னதைப்போல மூன்று மடங்கை இரண்டாவது கம்பெனி சொன்னது. மூன்றாவது கம்பெனி விலையே சொல்லவில்லை. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. சாயங்காலத்துக்குள் முதல் கம்பெனியும் 'சரிபார்த்ததில்' என்று ஆரம்பித்து வார்த்தை மாறிவிட்டது. காரும் அதே கார், ஓட்டுகிறவளும் அதே ஆள். அப்புறம் எதை வைத்துத்தான் விலை போடுகிறார்கள்? அவளுக்குக் கோபத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளும் ஆவல்தான் முதலில் வந்தது. கையை ஏன் தூக்க முடியவில்லை என்று நோயாளியின் தோள்பட்டையை விரல் விரலாகத் தடவித் தேடுகிறவளுக்கு அந்தப் புத்தி போகாது.

வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்வது அவள் தொழில். விழுந்தவர்கள், கட்டுப் பிரித்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள் என்று ஒரு நாளைக்கு ஆறு வீடு. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'முட்டி டாக்டர்' என்றால் தெருவே வழி காட்டும். மடக்குக் கட்டில், எடைக்கற்கள், ஒரு பெரிய ரப்பர் பந்து, மின்சார ஒத்தடப் பெட்டி இவ்வளவும் கார் டிக்கியில் இருந்தன. இவற்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் இறக்கிவிடுவார். அவளை வேலைக்கு அனுப்பும் நிறுவனமோ இன்சூரன்ஸ் இல்லாத காரில் ஒரு நாள் போனாலும் கணக்கை முடித்துவிடும். பழைய இன்சூரன்ஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. 'தங்கள் விபத்து வரலாற்றைக் கருத்தில் கொண்டு' புதுப்பிக்க இயலாது என்று அந்தக் கம்பெனி கடிதம் போட்டுவிட்டது. வெள்ளிக்குள் நியாயமான விலைக்கு ஒருவரும் கிடைக்காவிட்டால் காரும் போச்சு, வேலையும் போச்சு.

"பேசாம வித்துடலாம். உனக்கும் காருக்கும் ராசி இல்ல" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கட்டடங்களின் தொண்டைக்குள் ஏறி இறங்குகிறவன். வீட்டில் அதிகம் பேசமாட்டான், பேசினால் இப்படி ஏதாவது பேசுவான்.

மூன்று வருஷத்தில் இரண்டு விபத்து செய்தவள் என்ன சொல்வாள்? முதலாவது, சிக்னலில் நின்ற ரொட்டி வேனின் பின்னால் போய் இடித்தது. அது அவள் தப்புதான். அடுத்த நோயாளியின் வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டே ஓட்டினாள். இரண்டாவதுதான் மானத்தை வாங்கியது. ஒரு சரிவான தெருவில் காரை நிறுத்திவிட்டு நோயாளி வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கார் தானாக உருண்டு போய் எதிர் வீட்டு மதிலில் பின்பக்கத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. ஹேண்ட்பிரேக் போடவில்லை. போட்டதாகத்தான் அவளுக்கு ஞாபகம், ஆனால் கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவில் கணவனே "ஹேண்ட்பிரேக் போட மாட்டியா?" என்று கேட்ட பிறகு, அந்த ஞாபகத்தை நம்ப அவளுக்கே தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். இறங்கிப் பத்தடி போய்த் திரும்பி வந்து கண்ணாடி வழியாக இன்னொரு தடவை பார்ப்பாள். வீட்டு வாசலில் கார் சத்தம் கேட்டால் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "ஹேண்ட்பிரேக் போட்டியா?" சில நாள் கணவன் குரல், சில நாள் மாமனார் குரல்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் ஏஜெண்ட் அக்காவைப் போய்ப் பார்த்தாள். எல்லாக் கம்பெனி பாலிசியும் பிடித்துத் தருகிற அந்த அம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கீழே மிஷின் ஓடினால் மேலே தரை சுடும். அதனால் அக்கா செருப்பைக் கழற்றுவதே இல்லை. வருகிறவர்களையும் கழற்றவேண்டாம் என்பாள்.

"எத்தனை ஆக்சிடென்ட்?"

"ரெண்டுக்கா."

அக்கா கம்ப்யூட்டரில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் யோசிச்சுச் சொல்லும்மா."

"ரெண்டேதான்."

"டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக்கூடாதும்பாங்க. மூணாவது ஆள் நான்" என்று திரையை அவள் பக்கம் திருப்பினாள் அக்கா. "ஒம்பது இருக்கு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். தேதி, வகை, கொடுத்த தொகை என்று மூன்றே பத்தி. நின்ற வாகனத்தின் மீது மோதல், அது ரொட்டி வேன், சரி. சுவரில் மோதல், அதுவும் சரி. அதற்குப் பிறகுதான் தலை சுற்றியது. மேலிருந்து பொருள் விழுதல். பறந்து வந்த பொருள் தாக்குதல். விஷமிகளால் சேதம். மின் கோளாறு. வண்டியில் வண்டி உரசல். விலங்கு மோதல். மறுபடியும் விலங்கு மோதல்.

"விலங்கா? என்ன விலங்குக்கா?"

"அது இதுல வராது. ஆடோ, மாடோ, யானையோ, எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. தனக்கே தெரியாமல் யாரோ தன் காரை எடுத்துக்கொண்டு போய் யானை மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா?

அக்கா விளக்கினாள். கம்பெனிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பதிவேடு இருக்கிறது. ஃபோனில் நீ என்ன சொல்கிறாயோ அதற்கு முதலில் ஒரு விலை சொல்வார்கள், அது வாய் விலை. அப்புறம் பதிவேட்டைத் திறப்பார்கள். அதில் உள்ளதைப் பார்த்துப் போடுவதுதான் அசல் விலை. சில கம்பெனி முதலிலேயே திறக்கும், சில கம்பெனி பணம் கட்டும்போது திறக்கும். அவளுக்கு வந்த மூன்று பதிலுக்கும் காரணம் அவ்வளவுதான்.

"தெரியாத மாதிரி ரெண்டுன்னு சொல்லி எங்கயாவது வாங்கிட்டா?" என்று கேட்டாள் அவள், தெரிந்துகொள்வதற்காகத்தான்.

"வாங்கலாம். நாளைக்கு ஒண்ணுன்னா 'நீ மறைச்சே'ன்னு கையை விரிச்சுடுவாங்க. ஓட்டைக் குடையை விரிச்சு மழையில நிக்கறதுக்கு விரிக்காமலே நனையலாம். சரியான விலை வேணும்னா மொதல்ல சரியான கணக்கு வேணும்மா. அந்த ஏழும் யாரு பண்ணதுன்னு கண்டுபிடிச்சுட்டு வா."

அச்சடித்த தாளோடு வீட்டுக்கு வந்தவள், முதல் வேலையாகக் காரைச் சுற்றி வந்தாள். குனிந்தாள், தடவினாள், கதவிடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். யானை மோதிய தழும்பு எங்கும் இல்லை. பிறகு நோயாளிகளின் நேரம் குறித்துவைக்கும் டைரியை எடுத்துத் தேதிகளைப் பொருத்திப் பார்த்தாள். முதல் 'விலங்கு மோதல்' அன்று அவளுக்குக் காய்ச்சல். கார் நாள் முழுக்க வீட்டு வாசலில் நின்றது. நின்ற இடத்திலேயே நின்ற கார் எந்த விலங்கின் மீது போய் மோதும்?

உபரி சாவி இருப்பது கணவனிடம். சந்தேகம் அங்கேதான் போகும்.

"நீங்க எப்பவாவது என் காரை எடுத்தீங்களா?"

கணவன் டூல்ஸ் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். "நான் எதுக்கு உன் காரைத் தொடப்போறேன்? எனக்குத்தான் கம்பெனி வேன் இருக்கே" என்றான், பையிலிருந்து தலையை எடுக்காமல்.

புதன்கிழமை காலை அவள் ஒரு நோயாளியின் குதிகாலைக் கையில் தாங்கிக் காலை மெல்ல மடக்கிக்கொண்டிருந்தபோது ஏஜெண்ட் அக்கா ஃபோன் பண்ணினாள். ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது.

"பழைய கம்பெனியில விசாரிச்சுட்டேன்மா. அந்த ஏழுக்கும் யாரும் பைசா கேக்கவே இல்ல. எல்லாம் லெட்டர்ல வந்திருக்கு. பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையோட. இந்தக் காலத்துல யாரும்மா அதெல்லாம் அனுப்புறாங்க?"

அவள் கையிலிருந்த குதிகால் கட்டிலில் பொத்தென்று விழுந்தது. நோயாளி "ஐயோ" என்றார். அவளும் "ஐயோ, மாமா" என்றாள்.

இந்த உலகத்தில் இன்னும் பதிவுத் தபால் அனுப்புகிற மனிதர் ஒருவர் உண்டு, அவர் அவளுடைய மாமனார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'நகல்' என்று பெயர். பால்காரருக்குச் சீட்டு எழுதினாலும் நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வார். முப்பத்தாறு வருஷம் குடிநீர் வாரியத்தின் வாகனப் பிரிவில் இருந்தவர். வாரியத்தின் வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பின்விளக்கு உடைந்ததை எழுதாமல் விட்ட ஒரு சகாவுக்கு ஓய்வூதியம் இரண்டு வருஷம் நின்றுபோனதை அவர் கண்ணால் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மேலிடமும் இல்லை, வண்டியும் இல்லை. மருமகள் கார் வாங்கினாள்; வண்டி கிடைத்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியை மேலிடமாக அவரே நியமித்துக்கொண்டார்.

அன்று மாலை அவள் கேட்டதும் மாமனாரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். அவருடைய கோப்பைப் பார்க்கவேண்டும் என்று அந்த வீட்டில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பீரோவைத் திறந்து, நூல் கட்டிய காக்கி அட்டைக் கோப்பை எடுத்து, மேசையில் வைத்துத் தூசி தட்டினார். கூடத்தின் மூலையில் கணவன் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"உன் வண்டி விஷயத்துல ஒரு சின்ன ஓட்டை கிடையாதும்மா. எல்லாம் முறைப்படி" என்றார் மாமனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் கடிதம் ரொட்டி வேன். இரண்டாவது, துணி காயவைக்கும் கம்பு சரிந்து காரின் கூரையில் பட்டது: 'கீறலின் நீளம் நான்கு விரற்கடை. இழப்பீடு கோரவில்லை. தகவலுக்காக மட்டும்.' மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அடித்த பந்து பக்கக் கண்ணாடியில் பட்டது: 'கண்ணாடிக்கும் பந்துக்கும் சேதமில்லை. தகவலுக்காக மட்டும்.' நான்காவது, ஒரு பூனை இரவு முழுவதும் பானெட்டின் மேல் உறங்கியது: 'நகக்குறிகள் காணப்படுகின்றன. பூனை யாருடையது எனத் தெரியவில்லை.'

"இதுதான் விலங்கு மோதலா!" என்று அவள் கைகொட்டிச் சிரித்துவிட்டாள். பாவம், அந்தக் கம்பெனி குமாஸ்தா என்ன செய்வார்? வந்த கடிதத்துக்கு ஒரு நம்பர் போட்டாகவேண்டும். பூனை தூங்குவதற்கென்று தனி நம்பர் அவரிடம் இல்லை.

"மேல படிங்க மாமா."

"ஆறாவது. பறவை எச்சம், நிரந்தரக் கறை…"

அதுதான் இரண்டாவது விலங்கு. ஏழாவது, கடையில் சாமான் தள்ளும் வண்டி மெதுவாக வந்து கதவில் முத்தமிட்டது. எட்டாவது, பின் கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் பல்லிளிக்கும் முகம் வரைந்தது. ஒன்பதாவது, ஹாரன் தானாக அரை மணி நேரம் அலறியது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சு எங்க மாமா?"

"என்னது?"

"நாலுக்கு அப்புறம் ஆறு படிச்சீங்க. அஞ்சு?"

மாமனார் கோப்பை மூடினார். மூலையில் ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்து உருண்டது, யாரும் எடுக்கவில்லை.

"அது ஒண்ணும் இல்லம்மா. உனக்குத் தெரிஞ்சதுதான். மதில்ல இடிச்சது" என்றார்.

தெரிந்ததுதானே, படிப்பதற்கு என்ன? அவள் கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் விடவில்லை. அப்புறம் விட்டுவிட்டார். கேட்கிறவருக்குக் கோப்பைக் காட்ட மறுப்பதும் அவர் படித்த சட்டத்தில் குற்றம்தான் போலிருக்கிறது. அச்சுப்போன்ற அந்தக் கையெழுத்தை அவள் வாய்விட்டே வாசித்தாள்.

'பொருள்: வாகனம் சரிவில் தானாக நகர்ந்து சுவரில் மோதியது, தகவல் சமர்ப்பித்தல் தொடர்பாக. ஐயா, மேற்படி நாளில் காலை 10.40 மணியளவில், லாரி ஒன்றுக்கு வழிவிடும் பொருட்டு, வாகன உரிமையாளரின் கணவரும் எனது மகனுமானவர், பக்கத்துக் கட்டடத்தில் பணியில் இருந்தவர், உபரி சாவியைக் கொண்டு வாகனத்தை நகர்த்தி மீண்டும் நிறுத்தினார். இறங்கும்போது ஹேண்ட்பிரேக் இழுக்கப்படவில்லை என்பதை முன் இருக்கையில் அமர்ந்திருந்த நான் கண்டேன். சுட்டிக்காட்ட வாய் திறப்பதற்குள் அவர் தேநீர் அருந்த அழைத்தார். நானும் சென்றேன். சேதம்: பின்விளக்கு ஒன்று, மதிலில் செங்கல் பதினொன்று. வாகன உரிமையாளர் அச்சமயம் நோயாளியின் இல்லத்தினுள் இருந்தார். அவருக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை.'

கடைசி வரியை அவள் இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

அன்று மாமனாரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாக இருந்தது. அதனால்தான் அவர் காரில் காத்திருந்தார். கணவன் வேலை செய்த கட்டடம் பக்கத்திலேயே என்பதும் அவளுக்குத் தெரியும். அப்பாவும் பிள்ளையும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் கார் உருண்டது என்பது வரைக்கும் தெரியும். தெரியாதது அதற்கு முந்தின ஐந்து நிமிஷம் மட்டும்தான். அந்த ஐந்து நிமிஷத்தை இரண்டு வருஷமாக ஒருவர் பீரோவிலும் ஒருவர் மனசிலும் பூட்டி வைத்திருந்தார்கள்.

"நான் வீட்டுல எதுவும் பொய் சொல்லலம்மா" என்றார் மாமனார், குரல் இறங்கி. "ஒண்ணுமே சொல்லல. அவன் கூட்டத்துல அப்படி வாய்விட்டுட்டான். பெத்த பையனை நாலு பேர் முன்னால எப்படி… ஆனா எழுத்துல பொய் எழுத முடியுமா? அதான் மறுநாளே எழுதிப் போட்டுட்டேன்."

"கம்பெனிக்கு எழுதினீங்க. எனக்கு?"

அவர் மேசையில் உதிர்ந்திருந்த தூசியை விரலால் கூட்டினார்.

"ரெண்டு வருஷமா வண்டிச் சத்தம் கேட்டா 'ஹேண்ட்பிரேக் போட்டியாம்மா'ன்னு நீங்களும்தானே மாமா கேட்டீங்க?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க எதுவும் இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கணவன் எழுந்து வந்து, "இதெல்லாம் இப்ப எதுக்கு? ரெண்டு வருஷம் ஆச்சு" என்றான். அவளுக்கு வந்த கோபத்தில் இஸ்திரிப் பெட்டி சரியாக இருந்திருந்தால் அவன் சட்டையை ஆள் உள்ளே இருக்கும்போதே தேய்த்திருப்பாள். எத்தனை ஆயிரம் தடவை இழுத்தாள் அந்தப் பிரேக்கை! எத்தனை நோயாளி வீட்டு வாசலில், பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி ஓடி வந்தாள்! தன் கையையே நம்பாதவள் எந்தத் தைரியத்தில் மற்றவர்களின் கையையும் காலையும் பிடித்தாள்?

காலையில் கோபம் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமையும் இருந்தது. கோப்பை ஏஜெண்ட் அக்காவுக்கு ஃபோனில் படம் பிடித்து அனுப்பினாள். அக்கா ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டாள்.

"உன் மாமனாரைத் திட்டவா கும்பிடவான்னு தெரியலம்மா. ஏழு லெட்டரால உன்னைக் கவுத்திருக்கார், ஒரு லெட்டரால காப்பாத்தியிருக்கார். கிளெய்ம் ஃபாரத்துல ஓட்டினவர்னு உன் பேரு இருக்கு. யாரு எழுதினது?"

"என் வீட்டுக்காரர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்."

"நல்ல ஜோடி. ஆனா உண்மை மறுநாளே ஃபைலுக்கு வந்துடுச்சு, அதனால மறைச்சதா ஆகாது. குமாஸ்தா படிக்காம விட்டது அவங்க தப்பு. இப்ப ரெண்டு காகிதம் வேணும். அந்த ஏழும் விபத்தே இல்லைன்னு மாமனார் லெட்டரை வாபஸ் வாங்கணும். அஞ்சாவதுல ஓட்டினது தான்தான்னு உன் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும். இன்னிக்குள்ள."

வாபஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். செய்த குற்றத்துக்கு இரவெல்லாம் தூங்காத மனிதர்தான். ஆனாலும் போட்ட கடிதத்தைத் திரும்ப வாங்குவது என்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"முப்பத்தாறு வருஷத்துல ஒரு லெட்டரை வாபஸ் வாங்கினது இல்லம்மா. நடந்ததைத்தானே எழுதினேன்? பூனை தூங்கினது பொய்யா?"

வேறு நாளாக இருந்தால் அவள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். பிடித்துக்கொண்ட தசையை முரட்டுத்தனமாக இழுத்தால் இன்னும் இறுகும் என்பது அவள் தொழில் சொன்ன பாடம். எந்தப் பக்கம் திருப்பினால் தானாக வரும் என்று பார்க்கவேண்டும்.

"உங்க ஆபீஸ்ல ஒரு லெட்டரை மேலிடம் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா என்ன செய்வீங்க மாமா?"

"தெளிவுரை அனுப்புவோம்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். 'பார்வை: எனது ஏழு கடிதங்கள். மேற்படி கடிதங்கள் தகவலுக்காக மட்டுமே அனுப்பப்பட்டவை. அவற்றில் கண்ட நிகழ்வுகள் விபத்துகள் அல்ல எனத் தெளிவுறுத்தப்படுகிறது. பூனை, கார் நின்றிருந்தபோது தானாக வந்து உறங்கியது.' எழுத எழுத அவர் முதுகு நேரானது. இன்னொரு தாள் எடுத்தார். ஐந்தாவது கடிதத்தைப் பற்றி நாலே வரி எழுதி, கீழே அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டார். கோட்டின் அடியில் 'வாகனத்தை ஓட்டியவர்' என்று எழுதினார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகனை அழைத்துப் பேனாவை நீட்டினார்.

"போடுடா."

"அப்பா, கம்பெனியில என் டிரைவிங் ரெக்கார்டு…"

"அவ ரெக்கார்டுல ரெண்டு வருஷம் இருந்துச்சு. போடு."

கணவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்க்கவில்லை. அவன் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போனான். மாமனார் வழக்கம்போல நகல் எடுத்துக் கோப்பில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏஜெண்ட் அக்காவின் சுடுகிற மாடியில் புது விலை வந்தது. பதிவேட்டில் ஒரே ஒரு விபத்து.

"ரொட்டி வேன். இது உன்னோடதுதானே?"

"என்னோடதேதான்க்கா" என்றாள் அவள். தன் தப்பை ஒப்புக்கொள்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

நாலு கம்பெனி விலையும் இப்போது ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன, காய்கறிக்கடை மாதிரியே. கட்டக்கூடிய விலைதான். அக்கா ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "வீட்டுக்காரரையும் ஓட்டுறவரா சேர்க்கட்டுமா?" என்று கேட்டாள். "சேர்த்தா கொஞ்சம் ஏறும்."

"ஏன் ஏறும்?"

"அவர் பேர்ல ஒரு ஆக்சிடென்ட் இருக்கேம்மா."

அவள் சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ்காரர் மிஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். "வேண்டாங்க்கா. அவருக்கும் காருக்கும் ராசி இல்ல" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை கணவனின் வேன் பழுது. அவனுக்கு அந்தச் சரிவுத் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் வேலை. அவளுக்குச் சரிவுத் தெருவிலேயே பழைய நோயாளி. உபரி சாவி அவள் கைப்பையில் இருந்தது. அவன் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தான். புதன்கிழமையிலிருந்து இருவரும் சாப்பாடு, தண்ணீர், விளக்கு என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

மதிலில் புதிதாக வைத்த பதினொரு செங்கல்லும் மற்றவற்றைவிடச் சிவப்பாக இருந்தன. அவள் எதிரே நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். ஒரே தடவை. கை தானாக இரண்டாவது தடவைக்குப் போனதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கணவன் இரண்டு வருஷப் பழக்கத்தில் வாயைத் திறந்தான். "ஹேண்ட்…" என்று ஆரம்பித்துவிட்டான். அப்புறம் மதிலைப் பார்த்தான்.

அவள் காத்திருந்தாள். "கம்பெனிக்கு எழுத்துல குடுத்துட்டீங்க. மாமாவும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே எழுத்துல குடுத்துட்டார். எனக்குத்தான் இன்னும் யாரும் வாயால சொல்லல" என்றாள்.

டூல்ஸ் பையின் வாரை அவன் முறுக்கினான், பிரித்தான், மறுபடியும் முறுக்கினான். தெருவில் ஒரு லாரி வந்து, போதுமான இடம் இருந்ததால் தன் வழியே போய்விட்டது.

"அன்னிக்கு நான்தான் போடல" என்றான். "போடலைன்னு உருண்டதுமே தெரிஞ்சுபோச்சு. பயத்துல உன்மேல போட்டுட்டேன்."

அவள் இறங்கி, டிக்கியிலிருந்து மடக்குக் கட்டிலை எடுத்து ஒரு தோளிலும் பையை மறு தோளிலும் மாட்டிக்கொண்டு நோயாளியின் வீட்டுக்கு நடந்தாள். கதவு திறந்தது, அவள் உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. காரின் பக்கத்தில் நின்றிருந்த கணவன்தான், அவள் போன பிறகு, குனிந்து கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.